பள்ளிக்கூடத்தின் பெயரே இல்லாத பள்ளி பட்ஜெட்: மும்பையில் எதைக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும்

தாராவியில் உள்ள மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது: மாநகராட்சிப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கோடி ஒதுக்குவதாகச் செய்தி வருகிறது, பட்ஜெட் புத்தகத்தைத் திறந்தால் எங்கள் பள்ளிக்கு எவ்வளவு என்று ஓரிடத்திலும் இல்லை, அது எப்படி அமைந்தால் எங்களைப் போன்ற பெற்றோருக்கு விளங்கும், அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகம் உங்களுக்கு விளங்காமல் போனதற்கு உங்கள் படிப்போ கணக்கறிவோ காரணம் அல்ல. உள்ளாட்சிக் கணக்குகளில் பழகியவர்கள் படித்தாலும், ஒரு குறிப்பிட்ட பள்ளிக்கு எவ்வளவு பணம் போனது என்பதை அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. சம்பளம், படிகள், நிர்வாகச் செலவு, பராமரிப்பு, மூலதனப் பணி என்று கணக்குத் தலைப்புகளின்படி அது அடுக்கப்பட்டிருக்கிறது. பள்ளி என்ற அலகே அதில் கிடையாது. ஆகவே, கூடுதலான பக்கங்களை வெளியிடுவதாலோ, வண்ணப் படங்கள் சேர்த்த சுருக்கப் பதிப்பு ஒன்றை அச்சிடுவதாலோ இந்தக் குறை தீராது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒதுக்கியது எவ்வளவு, உண்மையில் செலவானது எவ்வளவு, அது எந்த மாதத்தில் போய்ச் சேர்ந்தது என்ற மூன்றையும் பள்ளியின் பெயருக்கு நேரே எழுதினால்தான் தீரும். இந்தப் பதில் முழுவதும் அந்த ஒரு கோரிக்கையைச் சுற்றியே அமையும்.

மும்பைக்கு இந்த விஷயத்தில் பல நகரங்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. 1888ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டம் தொடக்கக் கல்வியை மாநகராட்சியின் கட்டாயக் கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. அதன் விளைவாகக் கல்விக்கென்றே தனி பட்ஜெட் உண்டு; 'ஈ' பட்ஜெட் என்று அதைச் சொல்வார்கள். வழக்கமாகப் பிப்ரவரி முதல் வாரத்தில், பொது பட்ஜெட்டோடு சேர்த்து இதுவும் தாக்கல் செய்யப்படுகிறது. 2024-25இல் கல்விக்கான மதிப்பீடு சுமார் 3,498 கோடி ரூபாய். 2025-26இல் சுமார் 3,955 கோடி ரூபாய். செய்தித்தாள்கள் இதை ஏறத்தாழ 13 விழுக்காடு உயர்வு என்று எழுதும். அது தவறும் இல்லை. ஆனால் அதே இரண்டு ஆண்டுகளில் மாநகராட்சியின் மொத்த பட்ஜெட் சுமார் 59,955 கோடியிலிருந்து 74,427 கோடிக்கு உயர்ந்தது. அந்த மொத்தத்தோடு ஒப்பிட்டால் கல்வியின் அளவு 5.8 விழுக்காட்டிலிருந்து 5.3 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. சாலை, பாலம், கழிவுநீர் போன்ற பெரும் மூலதனப் பணிகள் மொத்தத்தை ஊதிப் பெருக்கும்போது இப்படி நடப்பது இயல்புதான். ஆனாலும் தொகை ஏறியதையும் விகிதம் இறங்கியதையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அச்சிடுவது மாநகராட்சியின் பொறுப்பு. வாசகர் கால்குலேட்டர் எடுத்துக் கண்டுபிடிக்கட்டும் என்று விடக் கூடாது.

இதைவிட முக்கியமானது, 13 விழுக்காடு என்பது மதிப்பீட்டை மதிப்பீட்டோடு ஒப்பிட்ட கணக்கு என்பதாகும். பட்ஜெட் புத்தகத்தில் பொதுவாக நான்கு பத்திகள் (நெடுவரிசைகள்) இருக்கும்: முடிந்த ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பு ஆண்டின் மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. இவற்றில் செய்தியாவது கடைசிப் பத்தி மட்டுமே. பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியதோ உண்மைச் செலவு. அது இரண்டு ஆண்டுகள் பிந்தி வரும். அப்போது அந்த ஆண்டைப் பற்றிப் பேச ஆளிருக்காது. பிப்ரவரியில் அறிவித்த தொகை அடுத்த பிப்ரவரியில் திருத்திய மதிப்பீட்டில் குறைக்கப்படுவதும், அதற்கடுத்த ஆண்டு உண்மைச் செலவில் மேலும் குறைந்து காணப்படுவதும் அரசுக் கணக்குகளில் பழகிப்போன ஒன்று. குறைந்தது ஏன் என்று ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் குறைகிறது என்பதுதான் நம் முறையீடு. மதிப்பீட்டுக்கும் செலவுக்கும் இடையே பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருக்கும் ஒவ்வொரு தலைப்புக்கும் காரணம் எழுதியாக வேண்டும் என்று ஒரு விதி வந்தாலே பட்ஜெட் புத்தகம் பாதி விளங்கிவிடும்.

அடுத்து, அந்த மொத்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். 3,955 கோடியை மாணவர் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று சொல்லிவிடுவது எளிது. பலரும் அப்படிச் செய்கிறார்கள். அந்த எண் இரண்டு பக்கமும் தவறானது. கல்வி பட்ஜெட்டில் தொடக்கக் கல்வியும் உயர்நிலைக் கல்வியும் தனித்தனிப் பகுதிகள். தனியார் உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு மாநகராட்சி வழங்கும் மானியம் அதில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் மாநகராட்சிப் பள்ளியில் படிப்பவர்கள் அல்லர். தலைமை அலுவலகச் செலவு இருக்கிறது. கட்டடம் கட்டுவதும் பழுது பார்ப்பதும் பள்ளி உள்கட்டமைப்புப் பிரிவின் வழியாக நடக்கின்றன. ஒரே ஆண்டில் ஒரு சில கட்டடங்களில் பெருந்தொகை இறங்கும், மற்றவற்றில் ஒன்றும் இறங்காது. மறுபுறம், உங்கள் பள்ளிக்கு உண்மையில் வந்து சேரும் பணத்தில் ஒரு பகுதி இந்தப் புத்தகத்துக்கு வெளியிலிருந்து வருகிறது: மத்திய, மாநில அரசுகள் 60க்கு 40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்ளும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் மானியங்கள், மதிய உணவுத் திட்டச் செலவு, தொண்டு நிறுவனங்களும் கம்பெனிகளும் தரும் பொருள்கள், ஆசிரியப் பயிற்சிகள். ஆக, சராசரி எண் உங்கள் பிள்ளையின் வகுப்பறைக்குப் போகாத பணத்தைச் சேர்த்துக்கொள்கிறது; போகிற பணத்தை விட்டுவிடுகிறது.

அப்படியானால் பள்ளி வாரியான பக்கம் எப்படி இருக்க வேண்டும்? மும்பையில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் ஊரில் ஒரு மாநகராட்சிப் பள்ளிக் கட்டடம் என்பது பெரும்பாலும் ஒரு பள்ளி அல்ல. தரைத்தளத்தில் மராத்தி, மேலே இந்தி, இன்னொரு பக்கம் உருது அல்லது தமிழ் என்று ஒரே வாயிலுக்குள் பல பள்ளிகள் இருக்கும்; காலை முறை, பிற்பகல் முறை என்று வேறு பிரியும். மராத்தி, இந்தி, உருது, ஆங்கிலம், குஜராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம் என எட்டு மொழிகளில் கற்பிக்கும் மாநகராட்சி இது. அந்தப் பெருமைக்கு உரிய கணக்குமுறை மட்டும் இன்னும் வரவில்லை. துப்புரவு, காவல், தண்ணீர், மின்சாரம், கழிப்பறைப் பழுது ஆகிய எல்லாம் கட்டடத்துக்கு உரிய செலவுகள். அவற்றை மாணவர் எண்ணிக்கைப்படியோ, வகுப்பறை எண்ணிக்கைப்படியோ பள்ளிகளுக்குப் பிரித்துக் காட்டலாம் என்று கணக்காளர்கள் சொல்வார்கள். என் கருத்தில் அது வேண்டாம். பிரித்துக் காட்டும் எண் எப்போதும் ஒரு ஊகம். அதைப் பார்த்து எந்தப் பெற்றோராலும் எதையும் சரிபார்க்க முடியாது. கட்டடத்துக்கென ஒரு பக்கம், பள்ளிக்கென ஒரு பக்கம் என்று இரண்டாக வைப்பதே நேர்மையானது. கட்டடப் பக்கத்தில் துப்புரவு ஒப்பந்தம் யாரிடம், மாதத்துக்கு எத்தனை ஆள், எத்தனை முறை கழுவ வேண்டும், எவ்வளவு தொகை என்பது இருக்கட்டும். அந்தக் கட்டடத்தில் உள்ள எல்லா மொழிப் பள்ளிகளின் பெற்றோரும் ஒன்றாக நின்று அதைச் சரிபார்க்கலாம்.

பள்ளிப் பக்கத்தில் பெரும்பகுதியை நிரப்பப்போவது ஆசிரியர் சம்பளம்தான். எந்தப் பள்ளி பட்ஜெட்டிலும் அப்படித்தான். அதனாலேயே அதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். சம்பள மதிப்பீடு பொதுவாக அனுமதிக்கப்பட்ட பணியிடங்களை வைத்துப் போடப்படும். செலவு, நிரப்பப்பட்ட பணியிடங்களுக்கு மட்டுமே ஆகும். பள்ளிக்கு எட்டுப் பணியிடம் அனுமதி, ஆறு பேர்தான் பணியில் என்றால், இரண்டு பேரின் சம்பளம் ஆண்டு முடிவில் 'செலவாகாத தொகை' என்ற பெயரில் மிச்சமாக நிற்கும். நிதித்துறையின் பார்வையில் அது சேமிப்பு. வகுப்பறையின் பார்வையில் அது ஆசிரியர் இல்லாத இரண்டு வகுப்புகள். இந்த உண்மையை மொத்தத் தொகைகள் முழுமையாக மறைத்துவிடுகின்றன. ஆகவே ரூபாயை மட்டும் அச்சிட்டால் போதாது. அனுமதிக்கப்பட்ட இடம் எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை, காலியிடம் எந்த மாதத்திலிருந்து காலியாக இருக்கிறது என்ற மூன்று எண்களும் சம்பள வரிக்குப் பக்கத்திலேயே வர வேண்டும். மொழிவழிச் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது உயிர்நாடியான செய்தி. மராத்தி வழிப் பள்ளியில் ஓர் இடம் காலியானால் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை மாற்றிவிடலாம். தமிழில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியரை அப்படி எந்தப் பள்ளியிலிருந்தும் எடுத்துவிட முடியாது.

ஊழியரின் சம்பளத்தை வெளியிடுவது தனிமனித உரிமையை மீறும் என்று சிலர் மறுப்பார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4ஆம் பிரிவே ஒவ்வொரு அலுவலரும் ஊழியரும் பெறும் மாத ஊதியத்தைத் தானாக முன்வந்து வெளியிட வேண்டும் என்று அரசு அமைப்புகளைப் பணிக்கிறது. அதைவிடக் குறைவான தகவலைத்தான் நாம் இங்கே கேட்கிறோம்.

காலம் பற்றி விரிவாகப் பேச வேண்டும். ஏனெனில் பட்ஜெட் ஆவணத்தில் முற்றிலும் விடுபட்டுப் போவது அதுதான். மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாக வழங்கப்படும் 27 வகைப் பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள். சீருடை, காலணி, புத்தகப்பை, குறிப்பேடு, மழைக்கோட்டு அல்லது குடை என்று அந்தப் பட்டியல் போகும். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. மகாராஷ்டிரத்தில் பள்ளி ஜூன் நடுவில் திறக்கிறது. மழையும் அதே வாரங்களில்தான் வருகிறது. இடையில் இருப்பது இரண்டரை மாதம். அதற்குள் தேவைப் பட்டியல் திரட்டி, ஒப்பந்தப்புள்ளி கோரி, மாதிரி சோதித்து, ஆணை வழங்கி, வார்டு வாரியாக அனுப்பி, பள்ளியில் அளவு பார்த்துக் கொடுக்க முடியுமா? முந்தைய நவம்பரிலேயே வேலையைத் தொடங்கியிருந்தால் முடியும். ஏப்ரலில் பணம் வந்தபின் தொடங்கினால் முடியாது. மழைக்கோட்டு அக்டோபரில் வந்து சேர்ந்தாலும் பட்ஜெட் புத்தகத்தில் அது 'ஒதுக்கீடு முழுமையாகச் செலவிடப்பட்டது' என்றே பதிவாகும். நூற்றுக்கு நூறு செலவு. பிள்ளை நான்கு மாதம் நனைந்தது அந்த எண்ணில் தெரியாது. எனவே பள்ளிப் பக்கத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று தேதிகள் வேண்டும்: கொள்முதல் ஆணை வழங்கிய தேதி, பள்ளிக்கு வந்த தேதி, பிள்ளைகள் கையில் கொடுத்த தேதி. கடைசித் தேதிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். கூடவே, கேட்ட எண்ணிக்கையும் வந்த எண்ணிக்கையும், எந்த அளவுச் சீருடை எத்தனை குறைந்தது என்பதும் இருக்கட்டும். இவை எல்லாம் ஏற்கெனவே பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் கைப்பட எழுதப்படுபவைதான். புதிதாக யாரும் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

சிறிய தொகைகளையும் விட்டுவிடக் கூடாது. பள்ளி தன் கையால் செலவு செய்யக்கூடிய பணம் மிகக் குறைவு. அதிலேயே பெற்றோரின் குரலுக்கு அதிக இடம் இருக்கிறது. சமக்ர சிக்ஷா திட்டத்தின் விதிமுறைப்படி ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து அமைகிறது: 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 பேர் வரை 25,000, 250 பேர் வரை 50,000, 1,000 பேர் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்து விழுக்காடு தூய்மைப் பணிகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும். 400 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு 75,000 ரூபாய் என்றால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 187 ரூபாய் 50 காசு. 251 பேர் உள்ள பள்ளிக்கும் 1,000 பேர் உள்ள பள்ளிக்கும் ஒரே தொகைதான். முன்னதில் ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய 299 ரூபாய், பின்னதில் 75 ரூபாய். மின்விசிறி பழுது, சாக்பீஸ், மின்கட்டணம், ஆய்வுக்கூடப் பொருள், உடைந்த குழாய் ஆகிய அனைத்துக்கும் இதையே நம்பியிருக்கும் தலைமையாசிரியரிடம் பெற்றோர் கோபப்படுவதற்கு முன், இந்த எண்ணை அறிந்திருப்பது இரு தரப்புக்கும் நல்லது. வெளிப்படைத்தன்மை என்றாலே திருடனைப் பிடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பல சமயம் அது, நேர்மையாக வேலை பார்ப்பவரிடம் எவ்வளவு குறைவாகக் கொடுத்திருக்கிறோம் என்பதை ஊருக்குக் காட்டுவதாகவே அமையும். இந்த மானியம் ஆண்டின் எந்த மாதத்தில் பள்ளியின் கணக்கில் ஏறியது என்பதும் முக்கியம். நிதியாண்டின் கடைசி வாரங்களில் வரும் பணம் தேவைக்காகச் செலவாவதில்லை. திருப்பி அனுப்பக் கூடாதே என்ற அவசரத்தில் செலவாகிறது. டெல்லியில் உள்ள கொள்கை ஆய்வு மையத்தின் ஒரு பிரிவு 2009 முதல் நடத்திய 'பைசா' ஆய்வுகள், பள்ளி மானியங்கள் எப்போது, எவ்வளவு போய்ச் சேர்கின்றன என்பதைப் பள்ளிக்கே சென்று விசாரித்துப் பதிவு செய்தவை. அந்த வேலையை ஆய்வாளர்கள் வெளியிலிருந்து வந்து செய்ய வேண்டியிருந்தது என்பதே, அரசு தானாக அந்தத் தேதிகளை வெளியிடுவதில்லை என்பதற்குச் சான்று.

பணம் புறப்பட்ட இடத்துக்கும் போய்ச் சேர்ந்த இடத்துக்கும் இடையே என்ன நடக்கக்கூடும் என்பதற்கு உலகம் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு உகாண்டா. 1991 முதல் 1995 வரை அந்நாட்டு மத்திய அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு மாணவர் தலைக்கு இவ்வளவு என்று அனுப்பிய மானியத்தில் சராசரியாக 13 விழுக்காடு மட்டுமே பள்ளிகளைச் சென்றடைந்தது என்று 1996இல் நடந்த செலவுத் தடமறியும் ஆய்வு கண்டறிந்தது. மீதி, மாவட்ட நிர்வாகங்களிடமே நின்றுவிட்டது. அதன்பின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அனுப்பிய தொகையைச் செய்தித்தாளில் வெளியிடவும், பள்ளிக்கு வந்த தொகையைப் பள்ளிச் சுவரில் எழுதவும் அரசு ஏற்பாடு செய்தது. 2001இல் பள்ளிகளைச் சென்றடைந்த பங்கு 80 விழுக்காட்டை எட்டியது. அந்த உயர்வு முழுவதற்கும் செய்தித்தாள் விளம்பரமே காரணமா, அதே காலத்தில் நடந்த மற்ற நிர்வாகச் சீர்திருத்தங்களுக்கும் பங்கு உண்டா என்று அறிஞர்கள் பின்னர் விவாதித்தார்கள். அந்த விவாதம் நியாயமானது. ஆனால் அங்கு வெளியிடப்பட்டது எது என்று கவனியுங்கள். நாட்டின் மொத்தக் கல்வி பட்ஜெட்டை வைத்து ஒரு தலைமையாசிரியரால் எதையும் கேட்டிருக்க முடியாது. உன் மாவட்டத்துக்கு இந்த மாதம் இவ்வளவு அனுப்பப்பட்டது என்ற ஒரு வரி கையில் இருந்தால் கேட்க முடியும்.

அமெரிக்காவில் 2015இல் இயற்றப்பட்ட மத்தியக் கல்விச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மாணவருக்கு உண்மையில் செலவான தொகையை, ஊழியர் செலவு வேறாகவும் மற்றச் செலவு வேறாகவும், எந்த அரசின் பணம் என்பதையும் பிரித்து ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும் என்று விதித்தது. சராசரிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடாமல் அந்தப் பள்ளியில் பணிபுரியும் ஆசிரியர்களின் உண்மைச் சம்பளத்தை வைத்தே கணக்கிட வேண்டும் என்பது அதன் சிறப்பு. அனுபவம் மிகுந்த ஆசிரியர்கள் வசதியான பகுதிப் பள்ளிகளில் குவிவதும், புதியவர்கள் ஏழைப் பகுதிகளுக்கு அனுப்பப்படுவதும் அப்போதுதான் எண்ணில் தெரியும்.

ஆனால் இந்த முறையை அப்படியே மும்பைக்குக் கொண்டுவந்தால் நம் பிள்ளைகளுக்கே கேடாக முடியலாம். இதை நான் மிகுந்த கவலையோடு சொல்கிறேன். ஒரு மாணவருக்கு ஆகும் செலவு என்ற எண்ணைப் பள்ளி வாரியாகத் தனியாக வெளியிட்டால், தமிழ், தெலுங்கு, கன்னடப் பள்ளிகள் பட்டியலின் உச்சியில் 'செலவு மிகுந்த பள்ளிகள்' என்று வந்து நிற்க வாய்ப்பு மிகுதி. காரணம் எளியது. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் அட்டவணைப்படி ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும். அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழிகள் ஆகியவற்றுக்குக் குறைந்தது ஒவ்வொருவர் இருக்க வேண்டும். 35 பிள்ளைகளுக்கு ஒருவராவது இருக்க வேண்டும். மூன்று வகுப்புகளிலும் சேர்த்து 45 பிள்ளைகள் உள்ள தமிழ்ப் பள்ளிக்கும் மூன்று ஆசிரியர்கள் வேண்டும். 90 பிள்ளைகள் உள்ள இன்னொரு பள்ளிக்கும் மூன்று பேர் போதும். ஒரே சம்பளம் என்றால் முதற்பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆகும் ஆசிரியச் செலவு சரியாக இரண்டு மடங்கு. இதில் வீண்செலவு ஒரு பைசாவும் இல்லை. சட்டம் கேட்கும் குறைந்த அளவே அதுதான். ஆனாலும் அந்த எண் மட்டும் தலைப்புச் செய்தியானால், பள்ளிகளை இணைக்கலாம், வகுப்புகளை மூடலாம் என்ற யோசனைக்கு அது வசதியான ஆதாரமாகிவிடும். தாய்மொழிப் பள்ளியில் சேர்க்கை குறைந்துவரும் இந்தக் காலத்தில், மாநகராட்சியே 2020இல் மாட்டுங்கா, ஜோகேஸ்வரி ஆகிய இடங்களில் ஐசிஎஸ்இ, சிபிஎஸ்இ பாடத்திட்டப் பள்ளிகளைத் தொடங்கி நடத்திவரும்போது, பெற்றோர் அங்கே போவதைக் குறை சொல்லவும் முடியாது.

அதற்காக எண்ணை மறைக்கச் சொல்லவில்லை. மறைத்தால் அதிகாரிகளுக்கு மட்டும் அது தெரியும். முடிவு எடுக்கும்போது அவர்கள் அதைப் பயன்படுத்துவார்கள். நமக்குப் பதில் சொல்ல வழி இருக்காது. எண்ணோடு சேர்த்தே அதன் காரணமும் அச்சிடப்பட வேண்டும் என்பதுதான் கோரிக்கை: வகுப்புகள் எத்தனை, சட்டப்படி தேவையான குறைந்தபட்ச ஆசிரியர் எத்தனை, அந்த அளவுக்கு ஆகும் செலவு எவ்வளவு, அதற்கு மேல் ஆனது எவ்வளவு. இப்படிப் பார்த்தால் பல சிறிய பள்ளிகள் சட்டம் சொல்லும் அளவுக்கும் கீழேயே செலவழிக்கின்றன என்பது வெளிப்படக்கூடும். ஒப்பிடுவதானால் ஒரே அளவு மாணவர் எண்ணிக்கை உள்ள பள்ளிகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

'இத்தனை பள்ளிகளுக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுத ஆள் ஏது?' என்ற மறுப்பு நிச்சயம் வரும். மாநகராட்சியின் கணக்குகள் பல ஆண்டுகளாகவே கணினியில், சாப் (SAP) என்ற கணக்கு மென்பொருளில் நடக்கின்றன. ஒவ்வொரு செலவும் எந்தப் பிரிவுக்கு, எந்தத் தலைப்புக்கு என்ற குறியீட்டோடுதான் பதிவாகிறது. நாடு முழுவதும் ஒவ்வொரு பள்ளிக்கும் பதினோரு இலக்க யூடைஸ் எண் உண்டு. மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை, குடிநீர் ஆகியவை ஆண்டுதோறும் அந்த எண்ணின் கீழ் மத்திய அரசுக்கு அனுப்பப்படுகின்றன. செலவுப் பதிவிலும் அந்த யூடைஸ் எண்ணைச் சேர்க்கும்படி ஓர் ஆணை பிறப்பித்தால், அடுத்த நிதியாண்டிலிருந்து பள்ளி வாரியான அறிக்கை கணினியிலிருந்தே கிடைக்கும். சம்பளப் பட்டியல் பள்ளி வாரியாகத்தான் தயாராகிறது. 27 பொருள்களின் வழங்கல் பள்ளி வாரியாகத்தான் நடக்கிறது. பழுதுபார்ப்புப் பணி ஆணைகளில் கட்டடத்தின் பெயர் இருக்கிறது. சேர்த்து வைக்கப்படாமல் இருக்கின்றன, அவ்வளவுதான். வெளியிடும்போது ஸ்கேன் செய்த பக்கங்களாகப் போடாமல், எக்செல் போன்ற கோப்பாகவும் போட வேண்டும்; அப்போதுதான் மும்பையின் கல்வி நிலையைப் பற்றி ஆண்டறிக்கை வெளியிடும் பிரஜா அறக்கட்டளை போன்ற அமைப்புகளும், கணக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவரும் உடனே ஆராய முடியும்.

மொழியைப் பற்றி ஒரு சொல். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தகவலை அந்தப் பகுதியின் உள்ளூர் மொழியையும் கருத்தில் கொண்டு பரப்ப வேண்டும் என்கிறது. முழு பட்ஜெட்டையும் எட்டு மொழிகளில் பெயர்க்கச் சொல்வது தேவையற்ற செலவு. பள்ளிப் பக்கம் ஒன்றை மட்டும், அந்தப் பள்ளி எந்த மொழியில் கற்பிக்கிறதோ அந்த மொழியில், நுழைவாயிலுக்கு உள்ளே பெற்றோர் நிற்கும் இடத்தில் ஒட்டினால் போதும். தலைப்புகள் எல்லாப் பள்ளிக்கும் ஒன்றே என்பதால் ஒருமுறை பெயர்த்தால் ஆண்டுதோறும் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இனி, நீங்கள் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் வெறும் பெற்றோர் அல்லர். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சொல்வதோடு, அரசிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ வேறு எங்கிருந்தோ வரும் மானியங்கள் எப்படிச் செலவாகின்றன என்பதைக் கண்காணிப்பதை அதன் பணியாகவே வைத்திருக்கிறது. கண்காணிப்பது உங்கள் பணி என்றால், கணக்கைக் காட்டுவது அவர்கள் கடமை. 22ஆம் பிரிவு இன்னும் வலுவானது: குழு தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசோ உள்ளாட்சியோ வகுக்கும் திட்டங்களுக்கும் மானியங்களுக்கும் அடிப்படையாக இருக்க வேண்டும். வகுப்பு வாரியாக எதிர்பார்க்கும் சேர்க்கை, தேவைப்படும் கூடுதல் ஆசிரியர், கூடுதல் வசதிகள், அவற்றுக்கு ஆகும் பணம் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரி விதிகள் விவரிக்கின்றன. இந்தத் திட்டம் பெரும்பாலான பள்ளிகளில் படிவம் நிரப்பும் சடங்காக முடிந்துவிடுகிறது. பிப்ரவரியில் தாக்கலாகும் பட்ஜெட்டின் வேலை பல மாதங்களுக்கு முன்பே அலுவலகங்களில் தொடங்கிவிடும் என்பதால், உங்கள் திட்டம் அக்டோபருக்குள் வார்டின் பள்ளி நிர்வாக அதிகாரியிடம் போய்ச் சேர வேண்டும். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் இட்ட நகல் உங்களிடம் இருக்க வேண்டும். பட்ஜெட் வெளியான பின், எங்கள் திட்டத்தில் கேட்டவற்றுள் எது ஏற்கப்பட்டது, எது ஏன் விடப்பட்டது என்று எழுத்தில் கேட்பதற்கு அந்த நகல்தான் ஆதாரம்.

தகவல் அறியும் உரிமை மனுவைப் பொறுத்தவரை, பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுக் கொடுத்தால் 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு உண்டு. ஆனால் 'எங்கள் பள்ளியின் பட்ஜெட் எவ்வளவு' என்று கேட்காதீர்கள். அப்படி ஓர் ஆவணம் இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும், அது பொய்யும் ஆகாது. இருக்கும் ஆவணங்களின் நகலைக் கேளுங்கள்: கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் கட்டடத்துக்கு வழங்கப்பட்ட பழுதுபார்ப்புப் பணி ஆணைகளும் பணி முடிவுச் சான்றுகளும், துப்புரவு ஒப்பந்தத்தின் பணி விவரமும், உங்கள் பள்ளியின் அனுமதிக்கப்பட்ட, நிரப்பப்பட்ட பணியிடப் பட்டியலும். ஒரே மனுவில் எல்லாவற்றையும் திணிக்காமல் தலைப்புக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தால் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மனு அலைவது குறையும். இருப்புப் பதிவேட்டுக்கும் பள்ளி மானியத்தின் செலவுக் கணக்குக்கும் மனுவே தேவையில்லை. குழுக் கூட்டத்தில் பார்வைக்கு வைக்கும்படி தலைமையாசிரியரிடம் கேட்டால் போதும், அதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

மாமன்ற உறுப்பினரிடமும் கொண்டுசெல்ல வேண்டிய விஷயம் இது. 2022 மார்ச்சில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின் 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளின் பட்ஜெட்டுகள், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் யாரும் இல்லாமல், மாநில அரசு நியமித்த நிர்வாகியின் ஒப்புதலோடே நிறைவேறின. மாமன்றத்தின் கல்விக் குழுவில் ஒவ்வொரு தலைப்பைப் பற்றியும் எழுந்து கேள்வி கேட்கும் வழக்கம் அந்த ஆண்டுகளில் அற்றுப்போயிருந்தது. மாமன்ற உறுப்பினரிடம் நீங்கள் வைக்க வேண்டிய கோரிக்கை ஒன்றே ஒன்று போதும்: அடுத்த 'ஈ' பட்ஜெட்டோடு, உங்கள் ஜி வடக்கு வார்டில் உள்ள மாநகராட்சிப் பள்ளிகளுக்கு மட்டுமாவது, யூடைஸ் எண் வாரியாக முந்தைய ஆண்டின் உண்மைச் செலவைக் காட்டும் இணைப்பு ஒன்றை வைக்க வேண்டும். ஒரே ஒரு வார்டுதான் என்பதால், முடியாது என்று சொல்ல இடமில்லை. தாராவியும் மாஹிமும் தாதரும் ஒரே வார்டில் இருப்பதால், எட்டு மொழிகளில் பெரும்பாலானவையும், பெரிய பள்ளியும் சிறிய பள்ளியும் அந்த ஓர் இணைப்பிலேயே வந்துவிடும். உங்கள் கட்டடத்தில் உள்ள மற்ற மொழிப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களும் அதே கடிதத்தில் கையெழுத்திட்டால், அது தமிழ்ப் பள்ளியின் தனிக் கோரிக்கையாகப் பார்க்கப்படாது.